கஞ்சி குடித்தவர்களின் பெயர்கள்

ஆற்காட்டுக் கோட்டை முற்றுகை 1751 செப்டம்பர் 23இல் தொடங்கி நவம்பர் 14இல் முடிந்தது. இது ஆங்கிலேயர் அன்று வைத்திருந்த பழைய நாட்காட்டிக் கணக்கு. இன்றைய தேதிக்கு 11 நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். கர்நாடக நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவரை வளைத்திருந்த சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. அந்தப் பிடி தளர வேண்டுமானால் சந்தா சாகிபின் தலைநகரான ஆற்காட்டில் கைவைக்க வேண்டும் என்று முகம்மது அலியை ஆதரித்த ஆங்கிலேயர் கணக்குப் போட்டார்கள். கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்து வேலையிலிருந்து பட்டாளத்துக்கு மாறியிருந்த 25 வயது ராபர்ட் கிளைவ், 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து புறப்பட்டார். காஞ்சிபுரம் வழியாக இடியிலும் மழையிலும் நடந்து வந்த அந்தச் சிறு படையைப் பற்றிய செய்தி கேட்டே ஆற்காட்டுக் காவல் சண்டையின்றிக் கலைந்துபோனது. பிறகு சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிப், 150 பிரெஞ்சுக்காரர் உட்படச் சுமார் 10,000 பேரோடு வந்து கோட்டையை வளைத்தார். அப்போது உள்ளே சண்டைக்கு நின்றவர்கள் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும்.

கோட்டை பெரியது, மதில் பழையது. சுற்றளவு ஒரு மைலுக்கும் மேல். பல இடங்களில் மதில் இடிந்தும் அகழி தூர்ந்தும் இருந்தன. கையிருப்பு உணவு 60 நாளுக்கே வரும் என்று தெரிந்ததும் சில கைவினைஞர்களைத் தவிரக் கோட்டைக்குள் குடியிருந்த அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தங்கியவர்களில் ஒரு கொத்தனார், பல வருஷம் அந்தக் கோட்டையில் வேலை பார்த்தவர். கோட்டையின் ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து மதிலுக்கு வெளியே போகும் நிலத்தடி வாய்க்கால் ஒன்று உண்டென்றும், எதிரி கண்டுபிடித்தால் தண்ணீர் முழுவதையும் வடித்துவிடலாம் என்றும் சொன்னவர் அவர். சொன்னதோடு நில்லாமல் தாமே இறங்கி அதை அடைத்தும் கொடுத்தார். அவருக்கு வெகுமதி கிடைத்ததை முற்றுகையின் முதன்மை வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். பெயரை எழுதவில்லை. ஐம்பது நாள் தாக்குப்பிடித்ததற்குக் கிளைவின் துணிச்சலைக் காரணம் சொல்லாத பாடநூல் இல்லை. அந்த வாய்க்கால் அடைபடாமல் இருந்திருந்தால் துணிச்சல் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்ட பாடநூலும் இல்லை.

கடைசித் தாக்குதல் முகரம் பண்டிகையின்போது நடந்தது. நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்டி உடைக்க ஓட்டி வந்தார்கள். துப்பாக்கிச் சூடு பட்டதும் அவை திரும்பி ஓட்டிவந்தவர்களையே மிதித்தன. ஓரிடத்தில் அகழியைத் தெப்பத்தில் கடக்கப் பார்த்தார்கள். உள்ளே அன்று நிற்கத் திராணியோடு இருந்தவர்கள் 80 ஐரோப்பியர், 120 சிப்பாய்கள்தாம். பின்வரிசைக்காரர்கள் துப்பாக்கிகளைக் கெட்டித்துக் கெட்டித்துக் கைமாற்ற, முன்வரிசைக்காரர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் 12,000 தோட்டாக்கள் செலவாயின. எதிர்த்தரப்பில் சுமார் 400 பேர் விழுந்தார்கள். மறுநாள் விடியும்போது முற்றுகைப் படை போய்விட்டிருந்தது. ஐம்பது நாளில் உள்ளே இறந்தவர்கள் 45 ஐரோப்பியர், 30 சிப்பாய்கள்.

இந்தச் சிப்பாய்களைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு கதையை. உணவு குறைந்தபோது அவர்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும் என்றார்களாம். சர் ஜான் மால்கம் எழுதிய கிளைவ் வாழ்க்கை வரலாறு 1836இல், மால்கம் இறந்த பிறகு, வெளியானது. அந்த நூலுக்கு மதிப்புரையாக மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரைதான் கஞ்சிக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. மெக்காலே 1834இல் சென்னையில் கரையிறங்கி ஊட்டிவரை போனவர். வடிகஞ்சி எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தே எழுதினாரா என்பது வேறு விஷயம். ஆனால் ஓர்ம் 1763இல் வெளியிட்ட முதல் தொகுதியில் இந்தக் கதை கிடையாது. ஓர்ம் சென்னை ஆலோசனைக் குழுவில் இருந்தவர், கிளைவின் நண்பர், முற்றுகையில் இருந்தவர்களிடமே கேட்டு எழுதியவர். யானையின் நெற்றித் தகடுவரை எழுதியவர், தம் நண்பரின் பெருமையை இரட்டிப்பாக்கும் இப்படியொரு சம்பவத்தைக் கேட்டிருந்தால் விட்டிருப்பாரா? 60 நாள் உணவு வைத்திருந்த கோட்டையில் ஐம்பதாம் நாளுக்குள் சோறு அவ்வளவு தட்டிப்போயிற்றா என்பதும் யோசிக்க வேண்டியதே.

கதை பொய் என்று அடித்துச் சொல்லவும் ஆதாரமில்லை. பட்டாளத்தில் வாய்வழியாக வழங்கி வந்தது எண்பது ஆண்டுக்குப் பின் ஏட்டில் ஏறியிருக்கலாம். தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். இந்தக் கதைக்குச் சிப்பாய்களின் பெயர் தேவைப்படவில்லை. தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் விசுவாசிகளின் கூட்டம் ஒன்று இருந்தால் போதும். யார், எந்த ஊர், யார் பிள்ளை என்ற கேள்விகள் எழுந்தால் கதையின் பளபளப்பு கொஞ்சம் குறையும். 1750களின் சென்னைச் சிப்பாய்கள் ஒரே வகையினரும் அல்லர். தென்னாட்டு முஸ்லிம்கள், தெலுங்கர், தமிழர், மலையாளக் கரையிலிருந்து வந்தவர்கள் எனக் கூலிக்குச் சண்டையிட வந்த பல சாதி, பல மொழிக்காரர்கள். அவர்கள் அனைவரும் ஒரே குரலில் ஒரே விண்ணப்பம் வைத்ததாகச் சொல்வதே ஓர் எழுத்தாளனின் கைவண்ணம்போலத் தோன்றுகிறது.

அரசாங்க நினைவு வேறு வழியில் போனது. ‘ஆற்காடு’ என்ற போர்ச்சிறப்பு 1841இல் வழங்கப்பட்டபோது அது கும்பினியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவுக்குப் போனது. சிப்பாய்களுக்கு இல்லை. 1751இல் அவர்கள் தனித்தனிக் கம்பெனிகளாகவே இருந்தார்கள். 1758 கடைசியில்தான் சென்னைச் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகச் சேர்த்தார்கள். ஆகவே அந்தச் சிறப்பைச் சுமக்க ஒரு கொடியும் இல்லாமல் போயிற்று. அந்த ஐரோப்பியப் படைப்பிரிவு பின்னால் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அயர்லாந்து பிரிந்தபோது 1922இல் அது கலைக்கப்பட, பாலாற்றங்கரை ஊரின் பெயர் தாங்கிய கொடி விண்ட்சர் அரண்மனையில் ஒப்படைக்கப்பட்டது.

பணத்திலும் இதே கோடுதான். வங்காள நவாப் மீர் ஜாஃபர் உயிலில் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்ச ரூபாயைக் கொண்டு கிளைவ் 1770இல் ஒரு நிதி நிறுவினார். கும்பினிப் படையில் ஊனமுற்ற ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் அதிலிருந்து உதவித்தொகை போயிற்று. கஞ்சி குடித்ததாகச் சொல்லப்படுபவர்களின் மனைவிமார் அந்தப் பட்டியலில் இல்லை. உதவித்தொகை பெற விதவை தன் பெயரையும் கணவன் பெயரையும் பதிய வேண்டும், அந்தப் பதிவு காகிதத்தில் நிற்கும். இன்று இங்கிலாந்தில் ஒருவர் தம் மூதாதை கும்பினிப் பட்டாளத்தில் இருந்ததை நிரூபிக்க முடிவதற்கு இப்படிப்பட்ட காகிதங்களே காரணம். கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் 1753 பிப்ரவரி 18இல் நடந்த கல்யாணம்கூடச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஏழு ஆண்டு கழித்துச் சென்னையே முற்றுகைக்குள் வந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தெற்கிலிருந்து வர, ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸின் படை பறங்கிமலையிலிருந்து பின்வாங்கி, இன்றைய ராயப்பேட்டை, தேனாம்பேட்டைப் பகுதியான சவுல்ட்ரி சமவெளியில் சிறிது நின்று, பிறகு கோட்டைக்குள் புகுந்துகொண்டது. டிசம்பர் 14இல் லாலி கறுப்பர் நகரத்தைப் பிடித்தார். அங்கே கிடைத்த சாராயத்தில் அவர் படை பாதி மயங்கிக் கிடந்த வேளையில் கோட்டையிலிருந்து ஆங்கிலப் படை அதிகாரி டிரேப்பர் பாய்ந்து ஒரு கைபார்த்தார். ஜனவரி 2இல் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. பிப்ரவரி 16இல் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்ததும் மறுநாள் லாலி முற்றுகையை விட்டுப் போனார். கோட்டைக்குள் 1,758 ஐரோப்பியரும் 2,220 சிப்பாய்களும் இருந்தார்கள். கோட்டையிலிருந்து 26,000க்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் சுடப்பட்டன. குண்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதிய கணக்கர்கள் சிப்பாய்களையும் எண்ணிக்கையாகவே எழுதினார்கள்: செத்தும் காயம்பட்டும் போனோர் 300க்கு மேல், ஓடிப்போனோர் 400க்கு மேல்.

இந்த ஓடிப்போனவர்களைப் பழைய நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடும். முற்றுகைச் சமயத்தில் நவாப் முகம்மது அலியும் குடும்பமும் கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் படகில் சதுரங்கப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். சிப்பாயின் மனைவி மக்கள் மதிலுக்கு வெளியே, பிரெஞ்சுப் படை நடமாடிய தெருக்களிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும்தான் இருந்திருக்க வேண்டும். இரவில் மதிலிறங்கிப் போனவர்களில் பலர் கோழைகள் என்பதைவிட, வீட்டைப் பார்க்கப் போனவர்கள் என்று கொள்வது நியாயம். பறங்கிமலைக்குக் கிழக்கே வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை என ஏரியும் சதுப்புமாகக் கிடந்த ஊர்களும் அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்காது. தீவனத்துக்கும் நெல்லுக்கும் இரண்டு தரப்புக் குதிரைகளும் இந்தப் பக்கம் அலைந்திருக்கும். 1759 பிப்ரவரி 9இல் பறங்கிமலையிலேயே பெரிய சண்டை நடந்தது.

அந்த முற்றுகையை நினைவூட்டும் பொருள் ஒன்றைச் சென்னைவாசிகள் பலரும் தெரியாமலே மிதித்துப் போயிருப்பார்கள். செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்த கல்லறைக் கற்கள் அங்கேயே புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. முன்பு சட்டக் கல்லூரி இயங்கிய இடத்தில் இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகளைப் பிரெஞ்சு வீரர்கள் மறைவிடமாகப் பயன்படுத்தியதால், பிறகு அவற்றைப் பெயர்த்துக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். சென்னை ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் சிறுவயது மகனும் அடக்கமான கூர்ங்கோபுரக் கல்லறை பழைய இடத்தில் தப்பி நிற்கிறது. டிரேப்பர் ஊர் திரும்பி, தம் 79ஆம் படைப்பிரிவுக்குப் பிரிஸ்டலை ஒட்டிய கிளிஃப்டனில் 1766இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, இறந்த அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கிவைத்தார். பிரிட்டனில் இந்த வகையில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று.

தோற்றவருக்குக்கூட ஒரு பிள்ளை இருந்தான். புதுச்சேரி வீழ்ந்ததற்காக லாலியை 1766இல் பாரிஸில் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவர் மகன் ஜெரார் த லாலி-தொலாந்தால் தந்தையின் பெயரைத் துடைக்க ஆண்டுக்கணக்கில் வழக்காடினான். வோல்டேர் அவனுக்குப் பேனா கொடுத்தார். 1778 மே மாதம் பழைய தீர்ப்பு தள்ளப்பட்டது. சாகக் கிடந்த வோல்டேர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுச் சில நாளில் கண்மூடினார். வாரிசுக்குப் படிப்பும் சட்டமும் ஒரு வோல்டேரும் வாய்த்தால் முற்றுகையில் தோற்றவனுக்கும் வரலாற்றில் இடம் கிடைக்கும்.

சிப்பாய்கள் தரப்பில் பெயரோடு நிற்பவர் ஒருவர்: யூசுப் கான், ஊர்வழக்கில் கான்சாகிபு. சென்னை முற்றுகையின்போது அவர் கோட்டைக்குள் இல்லை. பிரெஸ்டன் என்ற அதிகாரியோடு சேர்ந்து செங்கல்பட்டுக்கும் பறங்கிமலைக்கும் இடையே லாலியின் உணவு வழியை விடாமல் அறுத்துக்கொண்டிருந்தார். விரட்ட விரட்டத் திரும்பி வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி அலுத்துக்கொண்டாராம். கும்பினி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது, மதுரையை ஆளவிட்டது, அவர் தனித்து நிற்கப் பார்த்ததும் மதுரைக் கோட்டையையே முற்றுகையிட்டது. தம் ஆட்களில் சிலரே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். மனைவியும் சிறு மகனும் என்ன ஆனார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு, ஆவணம் இல்லை. ஆனால் அவரைப் பாட மக்கள் இருந்தார்கள். கான்சாகிபு சண்டைக் கதைப்பாடல் தென்பாண்டி நாட்டில் வழங்கியது; நா. வானமாமலை அதைப் பதிப்பித்தார். மதுரை சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது. பெருங்குடிக்கு அடுத்த தரமணியில், எம்.ஜி.ஆர். பிலிம் சிட்டியில், 1997 அக்டோபரில் எலிசபெத் ராணி வந்து ‘மருதநாயகம்’ படப்பிடிப்பைத் தொடங்கிவைத்தார். கான்சாகிபை வீழ்த்திய தரப்பின் வாரிசு அவரைப் பற்றிய படத்துக்கு விளக்கேற்றியதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. படம் முடியவில்லை.

மற்றச் சிப்பாய்களுக்குக் கதைப்பாடல் இல்லாததற்கு அவர்களின் குடும்பங்கள் மறந்தவை என்பது காரணமாகாது. சென்னைப் பட்டாளம் குடும்பப் பட்டாளம். வங்காளப் படையினர் மனைவி மக்களை ஊரில் விட்டு வருவார்கள். சென்னைச் சிப்பாய் தண்டு போகும் இடமெல்லாம் குடும்பத்தோடு போவான், பட்டாள லைனில் குடியிருப்பான். சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அரைச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. அப்பன் இருந்த பட்டாலியனில் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று நீண்ட தொடர் அது. இன்னார் எந்தச் சண்டையில் இருந்தார் என்பது அந்த லைன்களில் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தத் தொடரை அறுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த ‘போர்க்குடி’ கொள்கை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் சண்டைக்கு லாயக்கில்லை என்று உறுதியாக நம்பியவர். பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வடக்கத்தியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. பறையர் முதலிய சமூகங்களுக்குப் படிப்பும் சம்பளமும் ஓய்வூதியமும் தந்த ஒரு வாசல் அதோடு ஒடுங்கிப்போனது. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் காலத்து எழுத்துகளில் பட்டாள வேலை பற்றிய ஏக்கம் தலைகாட்டுவது இதனால்தான். 1920களின் இறுதிக்குள் 1758இலிருந்து வந்த காலாட்படை முழுவதும் கலைந்தது. 1780 முதல் தொடர்ந்து, இப்போது பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை மட்டும் தப்பியது; அதன் வீரர்களை இன்றைக்கும் ராணுவத்தில் எல்லாரும் ‘தம்பி’ என்றே கூப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. லாயக்கில்லாதவர்கள் ஒரே தலைமுறையில் லாயக்கானவர்களாக மாறிவிட்டார்கள்.

ஆற்காட்டில் நின்றவர்களைப் பெயர்சொல்லித் தேட இன்று காகிதமும் குறைவு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதிலிருந்து 1752 வரை கும்பினியின் தலைமையிடம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை. கிளைவை அனுப்பிய ஆளுநர் சாண்டர்ஸ் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். படைத்துறைக்கென்று தனி நாட்குறிப்பேடு தொடங்கியது 1752இல், அதாவது முற்றுகை முடிந்த மறுவருஷம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் படைத்துறை வரிசை அங்கிருந்தே ஆரம்பிக்கிறது. தமிழில் அக்காலத்தை நாள்தோறும் எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்பத்துக்குச் சென்னைப் பெரம்பூர் பூர்வீகம். ஆனால் அவர் இருந்தது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் பக்கம். அந்த நாட்குறிப்பில் தளபதிகளும் துபாஷிகளும் நவாபுகளும் வருவார்கள். தோட்டா கெட்டித்தவனின் ஊரைத் தேடுபவருக்கு அது உதவாது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மெல்ல மாறியது. முதல் உலகப் போர் முடிந்ததும் தமிழ்நாட்டு ஊர்களில் வைத்த கற்களில், திருச்சி காந்தி மார்க்கெட் நினைவுக் கோபுரம் உட்பட, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எண் மட்டுமே இருக்கும். ஆனால் போர்க் கல்லறை ஆணையம், பதவியோ இனமோ பார்க்காமல் ஒவ்வொரு பெயரையும் எழுதுவது என்ற கொள்கையை வகுத்திருந்தது. முதல் போரில் இந்தியர் விஷயத்தில் அது பல இடங்களில் மீறப்பட்டது, இரண்டாம் போரில் பெருமளவு நிறைவேறியது. 1944 ஏப்ரலில் முற்றுகைக்குள்ளான கொஹிமாவில் 1,420 கல்லறைகளோடு, தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சென்னையில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறையும் இந்த ஆணையத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் இறந்து பல ஊர் இடுகாடுகளில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே உண்டு.

ஆணையத்தின் பதிவேட்டில் இரண்டாம் உலகப் போரின் இந்திய வீரர் பலருக்கும் பெயர், எண், படைப்பிரிவு இவற்றோடு இன்னார் மகன், இன்னாள் கணவன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்ற குறிப்பும் இருக்கிறது. பட்டாளத்துத் தாத்தா என்று வீட்டில் பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பம் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டு கண்டபடி இருக்கும். முனுசாமியை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரையும் இன்றைய கணக்கில் தேடக் கூடாது. பெருங்குடி சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல், சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018இல். 1944இல் அந்த ஊர்க்காரர் ஒருவர் விண்ணப்பத்தில் எழுதியிருக்கக்கூடியது செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டைத் தாலுகா. வட ஆற்காடு என்று எழுதியவர்களின் ஊர்கள் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆற்காட்டுக் கோட்டையின் மிச்சமான டெல்லி வாசல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் வரும்.